கெண்டைக்காலின் சீரான வளர்ச்சி

நிமிர்ந்து நடக்கும் மனிதன் அடி எடுத்து வைக்குந்தோறும் உடலின் பாரத்தை முன்னோக்கி உந்தும் வேலையில் பெரும்பங்கு, முழங்காலுக்குக் கீழே பின்புறம் திரண்டு நிற்கும் கெண்டைத் தசைகளைச் சார்ந்ததாகும். ஓடுதல், தாவுதல், தலைச்சுமையுடன் மேடு ஏறுதல் ஆகியவற்றில் இவ்வேலை பன்மடங்கு பெருகுகிறது. ஆயினும் பள்ளிக்கூடத் தேகப்பயிற்சியில் தோளுக்கும் மார்புக்கும் கிடைக்கும் கவனம் கெண்டைக்காலுக்குக் கிடைப்பதில்லை. கிடைக்குமிடத்தும் பயிற்சி பெரும்பாலும் ஒருதலைப்பட்சமாகவே அமைகிறது. கெண்டைக்கால் ஒரே தசையால் ஆனது என்று கருதுவதே இதற்குக் காரணம்.

உண்மையில் அங்கே இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. மேலே தோலுக்கு அடுத்து, உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரு தலைகளுடன் திரண்டிருப்பது காஸ்ட்ராக்னீமியஸ். அதன் அடியில் அகன்று தட்டையாகப் படிந்திருப்பது சோலியஸ். முன்னதன் பெயர் கிரேக்க மொழியில் ‘காலின் வயிறு’ எனப் பொருள்படும். பின்னதன் பெயர், செருப்பையும் தட்டை மீன் ஒன்றையும் குறிக்கும் லத்தீன் சொல்லினின்று வந்தது. தமிழரும் இவ்விடத்தைக் கெண்டை என மீனின் பெயராலேயே வழங்குவது, கலைச்சொற்களோடு போராடும் மொழிபெயர்ப்பாளனுக்கு மகிழ்ச்சி தரும் ஒற்றுமையாகும். இரு தசைகளும் கீழே ஒரே தசைநாணாக இணைந்து குதிகால் எலும்பில் பொருந்துகின்றன. மக்கள் இதனைக் ‘குதிகால் நரம்பு’ என்று வழங்கினும் இது நரம்பன்று.

கீழே ஒன்றாக முடியும் இவ்விரண்டும் மேலே வெவ்வேறு இடங்களில் தொடங்குகின்றன. சோலியஸ் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புகளில் தோன்றுகிறது. காஸ்ட்ராக்னீமியஸோ முழங்காலைக் கடந்து தொடையெலும்பின் அடிப்பகுதியில் தோன்றுகிறது. ஆதலின் முழங்கால் மடங்கும்போது காஸ்ட்ராக்னீமியஸ் தளர்ந்துவிடுகிறது. தளர்ந்த கயிற்றால் பாரத்தை இழுக்க இயலாதது போலவே, அந்நிலையில் அத்தசையும் போதிய விசையுடன் இழுக்க இயலாததாகிறது. முழங்கால் நீண்டிருக்கையில் இரு தசைகளும் உழைக்கின்றன. மடங்கியிருக்கையில் சோலியஸே பெரும்பாலும் உழைக்கிறது.

இவ்வேறுபாடு வளர்ச்சியை எவ்வளவு பாதிக்கும் என்பதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2023-இல் வெளியிட்ட ஆய்வொன்று அளவிட்டுக் காட்டியது. முன்பயிற்சியில்லாத 14 பேர், ஒரு காலுக்கு நின்ற நிலையிலும் மற்றக் காலுக்கு அமர்ந்த நிலையிலுமாக, வாரம் இருமுறை 12 வாரங்கள் குதிகாலைப் பாரத்துடன் உயர்த்திப் பழகினர். நின்று பழகிய காலில் காஸ்ட்ராக்னீமியஸின் வெளித்தலை 12.4 சதவீதமும் உள்தலை 9.2 சதவீதமும் வளர்ந்தன. அமர்ந்து பழகிய காலில் அவை முறையே 1.7, 0.6 சதவீதமே வளர்ந்தன. சோலியஸின் வளர்ச்சியில் இரு கால்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அமர்ந்து செய்யும் பயிற்சி சோலியஸுக்கென்றே உரியது என்னும் நெடுங்காலக் கருத்து முற்றும் தவறன்று. ஆனால் அதனை மட்டும் செய்பவரின் கெண்டைக்கால் அரைகுறையாகவே வளரும். நேரம் ஒன்றற்கே உண்டெனில் நின்று செய்வதையே தேர்ந்துகொள்க.

பயிற்சிக்குக் கருவி எதுவும் வேண்டா. பள்ளியின் படிக்கட்டே போதும். பாதத்தின் முன்பகுதியைப் படியின் விளிம்பில் ஊன்றிச் சுவரைத் தொட்டுக்கொண்டு, முழங்காலை மடக்காமல் குதிகாலை இயன்றவரை உயர்த்தி, பின்னர் மூன்று எண்ணும் நேரம் எடுத்துப் படியின் மட்டத்திற்குக் கீழே இறங்குமாறு தாழ்த்த வேண்டும். பலர் பிழை செய்வது இத்தாழ்த்தலிலேதான். துள்ளித் துள்ளி உயர்பவரின் குதிகால் கீழே இறங்குவதே இல்லை. தசை நீண்டிருக்கும் அக்கீழ்ப்பகுதியோ வளர்ச்சிக்கு மிக இன்றியமையாதது. பிரேசில் நாட்டில் இளம்பெண்கள் 42 பேரைக் கொண்டு 8 வாரங்கள் நிகழ்ந்த ஆய்வில், இயக்கத்தின் கீழ்ப்பாதியை மட்டும் செய்தவர்க்கு உள்தலை 15.2 சதவீதமும், முழு இயக்கத்தையும் செய்தவர்க்கு 6.7 சதவீதமும் வளர்ந்தன. மேற்பாதியை மட்டும் செய்தவரின் வளர்ச்சி இவ்விரண்டினும் குறைவே.

இருகால்களால் இருபது முறை எளிதாகச் செய்ய வந்தபின் ஒற்றைக் காலுக்கு மாறலாம். ஒருகால் மற்றதைவிட மெலிந்திருப்பின் மெலிந்த காலை முதலில் பழக்கி, அது செய்த எண்ணிக்கையை வலிய கால் மீறாதவாறு நிறுத்த வேண்டும். தசைநாண் தசையைவிட மெதுவாகவே வலுப்பெறுமாதலின் பாரத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகவே கூட்டுதல் நன்று. காலின் முன்புறத் தசைக்குக் குதிகாலால் மட்டும் சிறிது தூரம் நடத்தல் போதுமானது.

வடிவத்தைப் பற்றி ஒரு சொல். சிலருக்குத் தசை கணுக்காலுக்கு அண்மை வரை நீண்டும், சிலருக்கு மேலேயே குறுகி முடிந்து தசைநாண் நீண்டும் அமைந்திருக்கும். இது பிறவி அமைப்பு. பயிற்சியால் தசையைப் பருக்கச் செய்யலாமேயன்றி அது முடியும் இடத்தைக் கீழிறக்க இயலாது. எண்ணெயோ தைலமோ கெண்டைக்காலைத் திரளச் செய்யும் என்று சொல்லி விற்பவர் பொருளை விற்கிறார், தசையை அன்று.

நெடுநேரம் நின்று பணிபுரியும் ஆசிரியர்க்கும் கள ஊழியர்க்கும் இத்தசைகளால் மற்றொரு நன்மை உண்டு. இவை சுருங்குந்தோறும் காலின் ஆழத்துள்ள சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை இதயத்தை நோக்கி ஏற்றுகின்றன. வகுப்பில் நின்றபடியே அவ்வப்போது குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதும் பயனுள்ளதே. ஆனால் ஒரே காலின் கெண்டை திடீரென வீங்கி, சூடாகி, வலிக்குமாயின் அது சிரையில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாகலாம். படுக்கையிலிருந்து எழுந்தவரிடமும் நெடும்பயணம் செய்தவரிடமும் இதற்கு வாய்ப்பு மிகுதி. அப்போது எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடலாகாது. உறைகட்டி நகர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே கேடாகும். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பருத்த கெண்டைக்கால் யாவும் வலிய கெண்டைக்கால் அல்ல என்பதையும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் அறிந்திருத்தல் வேண்டும். பிரெஞ்சு மருத்துவர் டூஷேன் 1868-இல் விரிவாக வருணித்த தசைச் சிதைவு நோய், பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குவது. டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் இன்மையால் தசையிழைகள் அழிய, அவ்விடத்தைக் கொழுப்பும் நாரிழையமும் நிரப்புகின்றன. எனவே கெண்டைக்கால் பயில்வானுடையது போலத் திரண்டு தோன்றும். வலிமையோ நாளுக்குநாள் குறையும். ஐந்து ஆறு வயதுச் சிறுவன் அடிக்கடி விழுவான், முன்பாதத்தால் நடப்பான், படியேற இடர்ப்படுவான். தரையிலிருந்து எழும்போது கைகளைத் தன் தொடைகள்மீது மாறி மாறி ஊன்றித் தன்மேல் தானே ஏறுவான் போல எழுவான். மாணவரைத் தரையில் அமர்த்தி எழச் செய்யும் எந்த ஆசிரியரும் இதனைக் கண்ணுற இயலும்.

இத்தகைய சிறுவனைச் சோம்பேறி என்று கடிதலும், ஓட்டத்தில் பின்தங்கினான் என்று மேலும் ஓடச் செய்தலும் பெருந்தீங்காகும். பாரத்தைத் தாங்கியபடி தசை நீளும் இயக்கமே அவனுடைய இழைகளை மிகுதியாகச் சிதைப்பது. மேலே படிக்கட்டில் செய்யக் கூறிய பயிற்சி அவ்வகையினதே. ஆதலின் அவனை அப்பயிற்சியினின்று விலக்கி, பெற்றோரிடம் தனியாகப் பேசி, குழந்தை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்கிரமத்தின் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது காட்டுவதும் ஆகும். இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதியின் அளவைக் காணும் எளிய சோதனை முதற்படியாக அமையும். நோய் முற்றும் நீங்கும் மருத்துவம் இல்லையாயினும், உரிய காலத்தில் தொடங்கும் ஸ்டீராய்டு மருந்து சிறுவன் தன் கால்களால் நடக்கும் ஆண்டுகளை நீட்டுகிறது. நோய் பெரும்பாலும் தாய்வழி வருவதாதலின், அடுத்த குழந்தைக்கு முன்னரே குடும்பத்தினர் பரம்பரையியல் ஆலோசனை பெறவும் வழி உண்டாகிறது.