ஏட்டில் உறங்கும் நாடகம்

ஷேக்ஸ்பியர் என்றதும் பள்ளி மாணவர் பலருக்கு நினைவில் எழுவது நாடகமன்று, தேர்வு! விளங்காத சொற்கள், பக்கத்தின் அடியில் நெருக்கி அச்சிட்ட குறிப்புகள், மனப்பாடம் செய்ய வேண்டிய விடைகள். இவற்றுக்கிடையே கதை எங்கோ தொலைந்துபோகிறது. "இது எனக்கு வராது" என்று பிள்ளை தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறது. அந்தத் தீர்ப்பு ஒரு பாடத்தோடு நிற்பதில்லை. தன்னைப் பற்றிய தாழ்வெண்ணமாக வளர்ந்துவிடுகிறது.

குறை பிள்ளையிடம் உள்ளதா, நாடகத்தில் உள்ளதா? இரண்டிலும் இல்லை. நாடகத்தை நாம் கையாளும் முறையில்தான் உள்ளது.

அக்கவிஞர் பிறந்த இங்கிலாந்திலும் இத்தொல்லை உண்டு. நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலம் இன்றைய ஆங்கிலப் பிள்ளைக்கும் பாதி அயல்மொழியே. அங்கே கண்டறிந்த மருந்து நம் கவனத்திற்குரியது.

அச்சுக்கு எழுதியதன்று

ஷேக்ஸ்பியர் 1616இல் மறைந்தார். 1623இல்தான் அவருடன் நடித்த தோழர்கள் இருவர் 36 நாடகங்களைத் திரட்டி ஒரே நூலாக வெளியிட்டனர். அவற்றுள் 18 நாடகங்கள் அதற்குமுன் அச்சேறியதே இல்லை. நடிகர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பேசவேண்டிய பகுதியை மட்டும் எழுதிக் கொடுப்பதே அக்கால வழக்கம். ஆக, எழுதியவர் கண்முன் இருந்தது நூலைப் புரட்டும் வாசகனல்லன். மேடையைச் சுற்றி நின்ற மக்கள் கூட்டம்.

நின்று பார்த்த மக்கள்

தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் 1599இல் எழுந்தது குளோப் அரங்கம். ஒரு பென்னி கொடுத்தவர் திறந்த முற்றத்தில் நின்று பார்க்கலாம். எழுத்தறியாத எளியோரும் அங்கே நின்று சிரித்தனர், கண் கலங்கினர். 1613இல் நாடகத்திற்காகச் சுட்ட பீரங்கியின் பொறி கூரையில் பற்றி அரங்கம் எரிந்தது. மீண்டும் கட்டப்பட்ட அரங்கமும் பின்னாளில் மறைந்தது. அமெரிக்க நடிகர் சாம் வானமேக்கர் அதைத் திரும்பவும் எழுப்பப் பல்லாண்டுகள் உழைத்தார். 1993இல் அவர் மறைந்தார். 1997இல் அரங்கம் திறக்கப்பட்டது.

அங்கே சுமார் 700 பேர் நின்று பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில் நடிகர் பார்வையாளரின் முகத்தைக் காண்கிறார். தன் ஐயத்தை அவர்களிடமே கேட்கிறார். 2007 முதல் ஒரு வங்கியின் ஆதரவோடு, அரசுப் பள்ளி மாணவர்க்கு இலவசச் சீட்டு வழங்கி, அவர்களுக்கென்றே நாடகங்கள் நடத்தப்பட்டன. நாடக அரங்கின் வாசலையே மிதித்திராத வீட்டுப் பிள்ளையும் மேடை விளிம்பில் கை ஊன்றி நிற்க முடிந்தது. எத்துணைப் பெரிய வாய்ப்பு!

எழுந்து நின்று பேசட்டும்

பார்ப்பதோடு அமையாது, நடிக்கவும் வேண்டும். கேம்பிரிட்ஜ் நகரப் பள்ளி ஆசிரியர் கால்டுவெல் குக், விளையாட்டே கல்வியின் வழி என்று 1917லேயே நூலெழுதினார். மாணவர் எழுந்து நின்று நடிக்கட்டும், நேரில் காணட்டும், இளமையிலேயே தொடங்கட்டும் என்ற மூன்று வேண்டுகோள்களை 2008இல் ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழு முன்வைத்தது.

ஓர் எடுத்துக்காட்டு. 'மக்பெத்' நாடகத்தில் அரசனைக் கொன்றுவிட்டு வருகிறான் நாயகன். காத்திருக்கும் மனைவியும் அவனும் ஓரிரு சொற்களில் கேட்டுக்கொள்கிறார்கள். தாளில் அவை வெறும் துண்டுச் சொற்கள். இரு மாணவரை எழுப்பி, "அருகே ஆட்கள் உறங்குகிறார்கள், குரல் கேட்டால் உயிர் போகும்" என்று சொல்லிப் பேசவிடுங்கள். குரல் தானே தாழும். கொலைக் கத்திகளைக் கையோடு கொண்டுவந்துவிட்டான் என்பதை அவள் காணும் கணத்தில் வகுப்பே மூச்சடக்கும். குற்றம் செய்த நெஞ்சு படும் பாட்டை எந்தக் குறிப்புரை இவ்வாறு விளக்கும்?

நமக்கும் புதிதன்று

சென்னையில் 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், 'ஹாம்லெட்'டை 'அமலாதித்தன்' எனத் தமிழாக்கி மேடையேற்றியவர். அந்த மரபு நம்முடையதுமாகும்.

பெரிய அரங்கமும் பட்டாடையும் தேவையில்லை. முதலில் கதையைச் சொல்லுங்கள், மாந்தரை அறிமுகப்படுத்துங்கள். பின்னர் ஒரு காட்சியை மட்டும் நடிக்கச் செய்யுங்கள், அல்லது நடிப்போரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதன்பின் நூலைக் கையில் கொடுங்கள். முன்பு மிரட்டிய அதே சொற்கள் இப்போது தெரிந்த குரலில் பேசும். நூலை ஒதுக்குவதற்கன்று, நூலுக்குத் திரும்புவதற்கே மேடை.

பெற்றோரே! இன்றிரவு உங்கள் பிள்ளை பாடநூலை விரித்து மலைத்து அமர்ந்திருந்தால், "படி, படி" என்று அதட்டாதீர்கள். அருகில் அமர்ந்து ஒரு பாத்திரத்தை நீங்கள் ஏற்றுப் பேசுங்கள். மற்றதைப் பிள்ளை பேசட்டும். "எனக்கு வராது" என்ற தீர்ப்பை அந்தப் பிள்ளையே மாற்றி எழுதும்!