அவர் வெட்டின கிணறு

பட்டப்படிப்பின் இடையில் ஆறு மாதம் ஒரு கல்லூரியின் தொடர்பாடல் அலுவலகத்தில் பயிற்சிக்கு இருந்தேன். முதல் நாள் ஒரு பரிசளிப்பு விழாப் படத்தைத் தந்து, கீழே போட வேண்டிய பெயர்களை இடமிருந்து வலமாக எழுதச் சொன்னார்கள். கதிரையில் இருந்த விருந்தினர் நால்வரின் பெயரும் பட்டமும் பதவியும் ஒரு தாளில் தயாராக இருந்தன. பின்னால் பரிசோடு நின்ற ஏழு மாணவர்களின் பெயர் ஒருவரிடமும் இல்லை. வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டு எழுதினேன். ஒரு பிள்ளையின் முதலெழுத்தைப் பிழையாகப் போட்டுவிட்டேன். அடுத்த நாள் அவளின் அப்பா வந்தார். கோபப்படவில்லை. “பிள்ளை, அது என்ரை பேரின்ரை எழுத்து” என்றார். அதன் பிறகு, உரியவருக்கு வாசித்துக் காட்டாமல் ஒரு பெயரையும் நான் அச்சுக்கு விட்டதில்லை.

அந்த அலுவலகத்தின் வேலைகளைச் சொல்வது சுலபம். பத்திரிகைகளுக்குச் செய்தி, முகநூல் பக்கம், லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பழைய மாணவர்களுக்குக் கடிதம். ஆனால் மேசையை விட்டு எழும்பாவிட்டால் விழா மட்டும்தான் செய்தியாகும். ஏனென்றால் விழாவுக்குத்தான் அழைப்பிதழ் வரும். தன்பாட்டில் ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் மாணவனை நாங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

என் ஊர் வட்டுக்கோட்டைக்கு மாணவரும் பத்திரிகையும் புதிதில்லை. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கே செமினரியைத் தொடங்கினார்கள். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். அங்கே படித்து வந்த ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற இருவரும் தமிழர்கள். மிஷனுக்குப் பொருள் தந்தவர்கள் விரும்பிய பெயரை மாணவருக்கு வைப்பது அந்நாளைய வழக்கம். 1841 ஜனவரி 7இல் வெளிவந்த உதயதாரகைப் பத்திரிகைக்கு இவர்களே ஆசிரியர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலுமாக மானிப்பாய் மிஷன் அச்சகத்தில் அது அச்சானது. அதே செமினரியில் படித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை பிறகு சென்னையில் தினவர்த்தமானிப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். ஏட்டில் கிடந்த கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார். 1855இல் செமினரி மூடப்பட்டது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது. இவர்களெல்லாம் படித்த வளவைத் தாண்டித்தான் நான் சின்னனில் ரியூசனுக்குப் போய் வந்தேன் என்று நினைக்க இன்றைக்கும் மனம் நெகிழ்கிறது.

பயிற்சிக் காலத்தில் நான் தேடிப் போனவர்களில் ஒரு தம்பியை மறக்க முடியாது. இரண்டாம் வருட மாணவன். சனிக்கிழமைகளில் சைக்கிளில் அராலிப் பக்கம், வழுக்கியாறு கடலோடு சேரும் இடத்தை அண்டிய வீடுகளுக்குப் போவான். ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு வாளி அள்ளி, பழைய சோடாப் போத்தலில் நிரப்பி, பிளாஸ்டர் துண்டில் வீட்டுப் பெயரை எழுதி ஒட்டுவான். உவர்ப்பு அளக்கும் சின்னக் கருவி ஒன்று அவனிடம் இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மழைநீர், கீழே உள்ள கடல்நீருக்கு மேல் ஒரு படையாக நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும். எந்த மாதம், எந்தக் கிணற்றில், எவ்வளவு ஏறியது என்பதுதான் அவன் கொப்பி முழுக்க. ஒருவரும் கேட்கவில்லை, அதற்குப் புள்ளியும் இல்லை. சில எண்களுக்குப் பக்கத்தில் பென்சிலால், “இந்தக் கிழமை தோட்டத்துக்கு இரண்டு நேரம் இறைச்சவை” என்று குறித்திருந்தான். அந்தக் குறிப்பைக் கண்டபோதுதான் அவன் மேல் எனக்கு உண்மையான மதிப்பு வந்தது. கருவி காட்டியதோடு நிற்காமல், ஏன் என்று கேட்டிருக்கிறான்.

படம் எடுக்கக் கேட்டதற்கு, “என்ரை படம் வேண்டாம் அக்கா, கிணத்தின்ரை படத்தைப் போடுங்கோ” என்றான். எழுதினேன், கிணற்றைத்தான் போட்டோம். அச்சுக்குப் போக முன், படத்தின் கீழே வந்த அந்த வீட்டு ஆச்சியின் பெயரை அவவுக்கே வாசித்துக் காட்டினேன். முதலெழுத்து இல்லாமல் எழுதியிருந்தேன்.

“எழுத்தையும் போடு பிள்ளை” என்றா ஆச்சி. “அவர் வெட்டின கிணறெல்லோ.”