ஆற்றின் வரவு செலவு

குடும்பத்திற்கு வரவு செலவுக் கணக்கு இருப்பதுபோல ஆற்றுக்கும் உண்டு. மழை வரவு. கடலுக்கு ஓடுவதும், ஆவியாவதும், பயிரும் மரமும் உறிஞ்சி வெளிவிடுவதும் செலவு. குளத்திலும் நிலத்தடியிலும் தங்குவது சேமிப்பு. வரவில் செலவைக் கழித்தால், சேமிப்பு ஏறியதா, இறங்கியதா என்பது விளங்கும்.

ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 கனமீட்டர் நீர் சேரும். கொட்டாரத்தைச் சுற்றி 10 சதுர கிலோமீட்டரில் 50 மில்லிமீட்டர் பெய்ததாகக் கொள்வோம். வரவு 5 லட்சம் கனமீட்டர். அதில் நூற்றுக்கு முப்பது பங்கு வழிந்தோடினால், ஓட்டம் ஒன்றரை லட்சம். இப்பங்கு மாறாத எண் அன்று. காய்ந்த மண் நீரை மிகுதியாகக் குடிக்கும். நனைந்த மண்ணும் சிமெண்டுத் தெருவும் ஓடவிடும்.

நாஞ்சில் நாட்டின் கணக்கில் மற்றொரு வரவும் உண்டு. இந்நாட்டின் ஆறு பழையாறு. ஆயினும், 1906-இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையில் தேங்கும் கோதையாற்று நீரும் கால்வாய் வழியே இங்கு வந்து பாய்கிறது. பழையாற்றுப் பகுதியின் மழையை மட்டும் எண்ணினால் கணக்குப் பிழைபடும்.

குளத்தைத் தூர்த்து வீடு கட்டினால் மழை குறைவதில்லை; சேமிப்பே குறைகிறது. ஐப்பசியில் தெருவில் வெள்ளமாய் ஓடிய அதே நீர், கும்பப்பூப் பயிர் கதிர்விடும்போது கடைமடை வயலுக்குக் கிடைக்காமற் போகிறது. மாணவ நண்பர்களே! வானத்தின் வரவைக் கூட்ட நம்மால் இயலாது. சேமிப்பைக் காக்க இயலும்.