ஒரு வாக்கும் அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளும்

கான்சஸ் வரலாற்றிலேயே மிகப் பெரிய வரி உயர்வுக்குக் கை தூக்கியவர்கள் இவர்கள். 2017க்குப் பிந்தைய தேர்தல்களில் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துக் குடியரசுக் கட்சி மிதவாதிகள்மீது வீசப்பட்ட குற்றச்சாட்டின் சாரம் இதுதான். தபாலில் வந்து விழும் வண்ண அட்டைக்கு இதைவிட வசதியான வாசகம் கிடைக்காது. அதிலும் இது பொய்யல்ல. 2017 ஜூன் 6 அன்று வரியை உயர்த்தும் மசோதாவை ஆளுநர் சாம் பிரவுன்பேக் வீட்டோ செய்ய, அதே இரவில் மேலவை 27-13 என்றும் கீழவை 88-31 என்றும் வாக்களித்து வீட்டோவை முறியடித்தன. அந்த மேலவையில் ஜனநாயகக் கட்சியினர் 9 பேர்தான். மீதி 18 பேர் ஆளுநரின் சொந்தக் கட்சிக்காரர்கள். இரண்டு ஆண்டுகளில் சுமார் 120 கோடி டாலர் கூடுதலாக வரும் என்று கணக்கிடப்பட்ட உயர்வு அது. பொய்யான விளம்பரத்தை மறுப்பது எளிது; உண்மையில் பாதியை மட்டும் காட்டும் விளம்பரத்துக்குப் பதில் சொல்லத்தான் பொறுமை வேண்டும். பட்ஜெட் வாக்கை எடைபோட ஒரே வழி, அன்றைக்கு வேறு என்ன வழி இருந்தது என்று பார்ப்பது. அப்படிப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

கதை 2012இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பிரவுன்பேக் கையெழுத்திட்ட சட்டம் உச்ச வருமான வரி விகிதத்தை 6.45 சதவீதத்திலிருந்து 4.9 ஆகக் குறைத்தது. பின்னர் அது 4.6 வரை இறங்கியது. இன்னொரு வெட்டு, கூட்டு நிறுவனங்களும் எல்எல்சி எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனங்களும் உரிமையாளருக்குப் பிரித்துத் தரும் லாபத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது என்ற விலக்கு. சம்பளக்காரர் கட்டுவார், அவருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி கட்ட வேண்டாம். இந்த விலக்கைப் பயன்படுத்தியவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். சட்டம் போட்டவர்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். வரியைக் குறைத்தால் தொழில் பெருகும், தொழில் பெருகினால் வருவாய் தானே ஏறும் என்பது பொருளாதார அறிஞர் ஆர்தர் லாஃபர் வழிவந்த நம்பிக்கை. அவரையே ஆலோசகராகவும் வைத்துக்கொண்டார்கள். 2014 நிதியாண்டிலோ மாநிலத்தின் வருவாய் முந்தைய ஆண்டைவிடச் சுமார் 70 கோடி டாலர் குறைந்தது. மூடிஸ், எஸ் அண்டு பி இரண்டும் 2014இலேயே மாநிலத்தின் கடன் தரத்தைக் கீழிறக்கின.

ஓட்டையை எப்படி அடைத்தார்கள் என்பதுதான் அந்த அட்டைகளில் ஏறாத பக்கம். நெடுஞ்சாலை நிதியிலிருந்து ஆண்டுதோறும் பணத்தை எடுத்தார்கள். கான்சஸ்காரர்கள் நெடுஞ்சாலைத் துறையையே ஒரு வங்கி என்று கேலி பேசும் அளவுக்கு. அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிக்குக் கட்ட வேண்டிய தவணையைத் தள்ளிப்போட்டார்கள். 2015இல் விற்பனை வரியை 6.15 சதவீதத்திலிருந்து 6.5 ஆக ஏற்றினார்கள். கான்சஸில் அப்போது மளிகைச் சாமானுக்கும் அதே விகிதம்தான். பாலுக்கும் ரொட்டிக்கும் வரியை ஏற்றிய அரசு, வழக்கறிஞர் நிறுவனப் பங்குதாரரின் லாபத்தைத் தொடவில்லை. வரி உயர்வே கூடாது என்ற கொள்கை இதற்குப் பிறகும் உயிரோடு இருந்ததாகச் சொல்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

2017இல் சபை கூடியபோது, 2019 ஜூன் வரைக்குமான பற்றாக்குறை சுமார் 90 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. கான்சஸ் மாநில அரசு டெல்லியைப் போலவோ வாஷிங்டனைப் போலவோ பற்றாக்குறை பட்ஜெட் போட்டுவிட்டு நகர முடியாது. வரவும் செலவும் நேராக வேண்டும். அந்த மார்ச் மாதம், பள்ளிகளுக்கு மாநிலம் தரும் பணம் அரசியலமைப்பு கேட்கும் அளவுக்குப் போதாது என்று கான்சஸ் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. ஆக, உறுப்பினர்கள் முன் இருந்தது வரி உயர்வா இல்லையா என்ற கேள்வி அல்ல. வருமான வரியா, மறுபடி விற்பனை வரியா, நெடுஞ்சாலைப் பணமா, பள்ளியை மூடுவதா என்ற கேள்வி. அவர்கள் எல்எல்சி விலக்கை ஒழித்து, உச்ச விகிதத்தை 5.7 சதவீதமாக்கினார்கள். 2012க்கு முன் அது 6.45 ஆக இருந்ததை மறக்க வேண்டாம். வரலாறு காணாத அந்த உயர்வுக்குப் பிறகும் உச்ச விகிதம் பழைய அளவைத் தொடவில்லை.

எதிர்வாதங்களில் வலுவானவை உண்டு. செலவைக் குறைத்திருக்கலாமே என்பது முதலாவது. அது ஏற்கெனவே பலமுறை நடந்திருந்தது. பல்கலைக்கழகங்களுக்கான மானியமும் அதில் வெட்டுப்பட்டது. நொடித்ததற்குக் காரணம் வரிக்குறைப்பு அல்ல, எண்ணெய் விலையும் தானிய விலையும் விழுந்ததுதான் என்பது இரண்டாவது. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் வருவாய் சரிந்தது 2014 ஜூனில் முடிந்த நிதியாண்டில். எண்ணெய் விலை விழத் தொடங்கியது அதற்குப் பிறகு. விவசாயத்தையே நம்பியிருக்கும் அண்டை மாநிலம் நெப்ராஸ்கா இப்படித் தள்ளாடவும் இல்லை. ஜூனில் போட்ட சட்டம் அந்த ஜனவரி முதலே செல்லும் என்று வைத்தது நியாயமா என்பது மூன்றாவது. இல்லை, அது மக்களுக்குச் சிரமம்தான். அதற்கான பழியை அவர்கள் ஏற்கத்தான் வேண்டும். பிப்ரவரியிலேயே இதே போன்றதொரு மசோதாவை நிறைவேற்றினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போதும் ஆளுநர் வீட்டோ செய்தார். கீழவை முறியடித்தது, மேலவையில் மூன்று வாக்கு குறைந்தது.

அதிகமாகவே வசூலித்துவிட்டார்கள் என்போருக்கும் ஒரு எண் கிடைக்கும்: 2019 ஜூனில் மாநிலத்தின் கையிருப்பு நூறு கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் வாஷிங்டன் 2017 கடைசியில் செய்த வரிச் சீர்திருத்தத்தால் மாநிலங்களுக்குத் தற்செயலாக வந்த வரவும் அதில் கலந்திருக்கிறது. நெடுஞ்சாலை நிதியிலிருந்து எடுப்பதும் அப்போது நின்றிருக்கவில்லை. வாக்காளர்களை ஏமாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டு மட்டும் எனக்குச் சுத்தமாக ஒப்பவில்லை. ஹட்சின்சன் நகரத்து எட் பெர்ஜரைப் போன்றவர்கள் 2016இல் பிரவுன்பேக் ஆதரவாளர்களைத் தோற்கடித்து வந்தவர்கள். அவரிடம் தோற்றவர் மேலவைப் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் டெர்ரி புரூஸ். பட்ஜெட்டைச் சரிசெய்யத்தான் இவர்களை வாக்காளர்கள் மாநிலத் தலைநகர் டொபீகாவுக்கு அனுப்பினார்கள்.

ஆனாலும் 2020 ஆகஸ்டில் நடந்த கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் பெர்ஜர் உட்படப் பல மிதவாத மேலவை உறுப்பினர்கள் தோற்றார்கள். கட்சி ஆதரவாளர்கள் மட்டும் வந்து வாக்களிக்கும், பொதுத் தேர்தலைவிடக் கூட்டம் குறைந்த தேர்தல் அது. மாநிலம் முழுவதும் வாக்களித்த 2018 ஆளுநர் தேர்தலில் முடிவு வேறாக இருந்தது: பிரவுன்பேக் வரிக்கொள்கைக்குத் திரும்புவேன் என்ற கிரிஸ் கோபாக் தோற்றார், மேலவை உறுப்பினராக வீட்டோவை முறியடிக்க வாக்களித்த லாரா கெல்லி வென்றார். முதல்நிலைத் தேர்தல்களில் வென்றவர்கள் பிறகு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு அமர்ந்து வரிகளைக் குறைக்கவும் செய்தார்கள். எல்எல்சி விலக்கை மட்டும் திரும்பக் கொண்டுவரவில்லை. 2024இல் அவர்கள் நிறைவேற்றிய சட்டப்படி உச்ச விகிதம் 5.58 சதவீதம், 2017இல் வைத்ததைவிட 0.12 குறைவு, பிரவுன்பேக் சட்டத்தால் இறங்கிய 4.6ஐ விட ஏறக்குறைய ஒன்று அதிகம்.