செகண்ட் ஹேண்ட் லேப்டாப்: விண்டோஸ் லைசென்ஸும் சேர்ந்து வருதா?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் வேலை பார்க்கிற பலரும் லேப்டாப் வாங்கணும்னா அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குத்தான் போவாங்க. ஐ.டி. கம்பெனிகள் கழிச்சுவிட்ட பிசினஸ் லேப்டாப்கள் அங்க பாதி விலைக்கும் குறைவா கிடைக்கும். நல்ல டீல்தான். ஆனா விலை பேசும்போது ஒரு கேள்வியை நிறைய பேர் விட்டுடுறாங்க: அதுல இருக்கிற விண்டோஸ் யாரோடது?

லைசென்ஸ் மூணு வகை

1. ஓ.இ.எம்.: லேப்டாப்போடவே வர்றது. மதர்போர்டோட கட்டுப்பட்டது. லேப்டாப்பை வித்தா லைசென்ஸும் கூடவே போகும். தனியா எடுத்து வேற மெஷின்ல போட முடியாது.

2. ரீடெய்ல்: நீங்க தனியா காசு கொடுத்து வாங்கினது. பழைய கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துட்டுப் புதுசுக்கு மாத்திக்கலாம். ஒரு நேரத்துல ஒரு மெஷின்ல மட்டும்தான்.

3. வால்யூம்: கம்பெனிக்குச் சொந்தமானது. லேப்டாப் கை மாறினாலும் இந்த லைசென்ஸ் உங்களுக்கு வராது.

சிக்கல் மூணாவதுலதான். வால்யூம் லைசென்ஸ்ல கே.எம்.எஸ். முறையில ஆக்டிவேட் ஆன விண்டோஸ், 180 நாளுக்குள்ள கம்பெனி சர்வரோட பேசிப் புதுப்பிச்சுக்கணும். கடையில பார்க்கும்போது 'ஆக்டிவேட்டட்'னு காட்டும். சில மாசம் கழிச்சு வீட்டுல 'ஆக்டிவேட் பண்ணுங்க'ன்னு கேட்கும். அப்போ கடைக்காரர்கிட்ட போய் நின்னா பதில் இருக்காது.

காசு கொடுக்கும் முன்னாடி 2 நிமிஷ செக்

கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறங்க. எஸ்.எல்.எம்.ஜி.ஆர். என்ற ஐந்து எழுத்தை டைப் பண்ணி, ஒரு ஸ்பேஸ் விட்டு, ஒரு ஸ்லாஷ் போட்டு, டி.எல்.ஐ. சேர்த்து என்டர் தட்டுங்க. வர்ற பாக்ஸ்ல ஓ.இ.எம்., ரீடெய்ல், வால்யூம் இதுல எந்த சேனல்னு தெரியும்.

வால்யூம்னு வந்தா உடனே டீலை விட்டுட வேண்டாம். 2012-ல விண்டோஸ் 8 வந்ததுல இருந்து, ஓ.இ.எம். கீயை பயாஸ்லயே பதிச்சுடுறாங்க. பிசினஸ் லேப்டாப் பெரும்பாலும் ப்ரோ எடிஷன் கீயோடதான் ஃபேக்டரியில இருந்து வரும். கம்பெனி அதுக்கு மேல எண்டர்பிரைஸ் போட்டிருக்கும். அதே ப்ரோ எடிஷனை ஃப்ரெஷ்ஷா இன்ஸ்டால் பண்ணா, நெட் கனெக்ட் ஆனதும் தானா ஆக்டிவேட் ஆகிடும். கடையிலயே இதைச் செய்து காட்டச் சொல்லுங்க. ஆகலைன்னா, புது லைசென்ஸ் விலை பல ஆயிரம் ரூபாய். அதைக் கழிச்சுத்தான் விலை பேசணும். ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு விக்கிற கீ இதுக்கு மாற்று இல்ல. எந்தக் கம்பெனியோட வால்யூம் கீயாவோ இருந்தா, எப்போ வேணும்னாலும் பிளாக் ஆகலாம்.

ரீஇன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி

• போட்டோ, பே ஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாத்தையும் வெளியில ஒரு டிஸ்க்ல காப்பி எடுங்க.
• பிட்லாக்கர் ஆன்ல இருந்தா ரெக்கவரி கீயை எழுதி வைங்க. அது இல்லாம டிரைவ் லாக் ஆனா டேட்டா போனதுதான்.
• செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன் பக்கம் போய், லைசென்ஸ் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோட இணைஞ்சிருக்கான்னு பாருங்க. பின்னாடி ஹார்டுவேர் மாத்தினா, ட்ரபிள்ஷூட்டர் வழியா திரும்ப ஆக்டிவேட் பண்ண இது உதவும்.
• 8 ஜி.பி. பென் டிரைவ் போதும். இன்ஸ்டால் ஃபைலை மைக்ரோசாஃப்ட் தளத்துல இலவசமாவே எடுக்கலாம். எஸ்.எஸ்.டி. மட்டும் மாத்தினா ஓ.இ.எம். லைசென்ஸ் போகாது.

அரசு லேப்டாப் வச்சிருக்கீங்களா?

தமிழ்நாடு அரசு 2011-ல தொடங்கின இலவச லேப்டாப் திட்டத்துல விண்டோஸோட, சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அந்த லேப்டாப்பை இன்னும் வச்சிருக்கிறவங்க கவனிங்க. விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேணும், இன்டெல்னா பெரும்பாலும் 8-வது ஜெனரேஷனாவது இருக்கணும். விண்டோஸ் 7, 8 கீயை வச்சு இலவசமா மேலே போற வழியையும் 2023 செப்டம்பர்ல மூடிட்டாங்க. அப்போ லினக்ஸ்தான் செலவில்லாத வழி. பிரவுசர், மெயில், ஐ.டி. ரிட்டர்ன் ஃபைல் பண்ண அது தாராளமா போதும்.

விக்கிறவங்களுக்கு

ரீடெய்ல் லைசென்ஸ் வச்சிருந்தா, விக்கிறதுக்கு முன்னாடி கீயை அந்த மெஷின்ல இருந்து எடுத்துடுங்க. மேல சொன்ன அதே கமாண்ட்ல டி.எல்.ஐ.க்குப் பதிலா யு.பி.கே. போட்டா போதும். ஆனா அதை அட்மின் மோட்ல ரன் பண்ணணும். அப்புறம் 'ரீசெட்' கொடுத்து எல்லாத்தையும் அழிச்சுட்டுக் கொடுங்க. கம்பெனி கொடுத்த லேப்டாப்ல மட்டும் இதெல்லாம் எதையும் தொடாதீங்க, அது ஐ.டி. டீமோட வேலை.

வாங்கும்போது பில்லுல சீரியல் நம்பரையும் விண்டோஸ் எடிஷனையும் எழுதி வாங்குங்க. நாளைக்குத் தகராறு வந்தா உங்க கையில இருக்கிற ஆதாரம் அதுதான். உங்க லேப்டாப்ல எந்த சேனல் வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோல பேசுவோம்.