கைபேசியில் கல்லூரி வாயில்: கட்டுமுன் எண்ண வேண்டியவை

முன்னுரை

"கட்டின வீட்டுக்கு எட்டு வக்கணை" என்பது பழமொழி. வீடு எழுந்து நின்றபின் குறை சொல்ல எவராலும் இயலும். கடைக்கால் தோண்டுமுன்னரே குடியிருக்கப் போவோர் யார், அவர்தம் தேவை யாது என்று கேட்டறிவதே அறிவுடைமை. செங்கல் வீட்டுக்குச் சொன்ன இவ்வுண்மை, இணையத்தில் எழுப்பப்படும் வீட்டுக்கும் முற்றும் பொருந்தும்.

ஒரு நிறுவனம் தன் பணிகளை ஓரிடத்தில் திரட்டி, மக்கள் நுழைவதற்கென இணையத்தில் திறந்து வைக்கும் வாயிலையே வலைவாசல் என்கிறோம். விண்ணப்பம், கட்டணம், தேர்வு நுழைவுச்சீட்டு, தேர்வு முடிவு எனப் பலவும் இன்று இவ்வழியாகவே நம்மை வந்தடைகின்றன. மேசைக் கணிப்பொறியின் முன் அமர்ந்து இவ்வாயிலைத் திறப்போர் நம்முள் எத்தனை பேர்? நம்மில் பலர் கையில் இருப்பது கைபேசி ஒன்றே. ஆகவே, ஒரு கல்லூரி தன் வலைவாசலைக் கைபேசிக்கு ஏற்றவாறு அமைக்க எண்ணினால், பணியைத் தொடங்குமுன் எவற்றையெல்லாம் தேவைகளாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன்.

வருவோர் யார்?

முதற்கேள்வி கருவியைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது. மாணவர் சேர்க்கை நாட்களில் புதிதாக விண்ணப்பிக்க வந்தோருக்கு உதவி செய்தபோது நான் கண்டவை இதைத் தெளிவாக்கின. பல வீடுகளில் கைபேசி ஒன்றுதான்; அதுவும் தந்தையாரிடம் இருக்கும். ஒருமுறைக் கடவுச்சொல் அவருடைய எண்ணுக்குச் செல்லும்; அவரோ வேலைக்குப் போயிருப்பார். முதுகலைக்கு அக்காளும் இளங்கலைக்குத் தம்பியும் ஒரே ஆண்டில் விண்ணப்பித்தபோது, "இவ்வெண் முன்னரே பதிவாகியுள்ளது" என்று ஒரு வலைவாசல் தம்பியைத் திருப்பி அனுப்பியதும் உண்டு.

இவற்றிலிருந்து நமக்குக் கிடைக்கும் தேவைகள் யாவை? ஒரே எண்ணில் ஒருவருக்கு மேற்பட்டோர் விண்ணப்பிக்க இடம் வேண்டும். முதற்பதிவுக்குப் பின்னர், ஒவ்வொரு முறையும் குறுஞ்செய்தியை எதிர்பாராமல் மாணவர் தாமே வைத்துக்கொண்ட கடவுச்சொல்லால் நுழைய இயல வேண்டும். பலர் கைமாறும் கைபேசியாதலால், வெளியேறும் பொத்தான் எல்லாப் பக்கங்களிலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மூன்று வழிகள்

கைபேசிக்கு இடமளிக்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கைபேசிக்கென்றே தனித்தளம் ஒன்றை நடத்துவது. இது பழைய முறை. ஒரு செய்தியை ஈரிடத்தில் திருத்த வேண்டும். ஓரிடத்தில் திருத்தி மற்றோரிடத்தில் மறந்தால் இரண்டு கடைசித் தேதிகள் உலவத் தொடங்கும்.

இரண்டாவது, திரையின் அகலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஒரே தளம். பாத்திரத்துக்கேற்ப வடிவு கொள்ளும் நீரைப் போன்றது இது. ஈத்தன் மார்காட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் 2010-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையின் வாயிலாக இம்முறை பெயர் பெற்றுப் பரவியது.

மூன்றாவது, கைபேசியில் நிறுவிக்கொள்ளும் செயலி. இது கவர்ச்சியானது, ஆனால் செலவு மிக்கது. ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் தனித்தனியே வெளியிட்டு, ஆண்டுதோறும் புதுப்பித்து வர வேண்டும். பிரிட்டன் அரசு தன் துறைகளின் தளங்களை ஒன்றிணைத்து 2012-இல் பொதுத்தளம் ஒன்றைத் திறந்தது. 2013-இல், துறைகள் செயலிகளைக் கட்டுவதைவிடத் தளத்தைக் கைபேசிக்கு ஏற்றதாக்குவதே முதற்கடமை என்று அறிவித்தது. அத்தளத்துக்கென்று ஒரு செயலி பொதுமக்களுக்கு வந்தது 2025-இல்தான். ஆண்டில் சில நாட்களே பயன்படும் சேர்க்கைப் பணிக்கு இரண்டாம் வழியே போதும் என்பது என் துணிபு.

கனமும் காலமும்

"தளம் வேகமாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் அது விருப்பம், தேவையாகாது. அளந்து பார்க்கக் கூடியதே தேவை. ஓர் எளிய கணக்கைக் காண்போம். கிராமத்துப் புறத்தே நொடிக்கு 500 கிலோபிட் வேகம் கிடைப்பதாகக் கொள்வோம். 4 மெகாபைட் கனமுள்ள முகப்புப் பக்கம் வந்து சேர ஏறத்தாழ 64 நொடிகள் ஆகும். அதனையே 500 கிலோபைட்டாகக் குறைத்தால் 8 நொடிகள் போதும்.

கனம் எங்கிருந்து வருகிறது? தமிழ் எழுத்தால் அன்று. ஒருங்குறியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் இணையத்தில் 3 பைட் இடம் கொள்ளும். 3,000 குறிகள் உள்ள நீண்ட அறிவிப்புக்கும் 9 கிலோபைட்தான். கட்டட முகப்பின் பெரும்படங்களும் ஓடும் படக்காட்சிகளுமே சுமை. அறிவிப்பைத் தாளில் அச்சிட்டு, அதைப் படம் பிடித்து ஏற்றும் வழக்கமும் சுமையே. அவ்வாறு ஏற்றிய படத்தைப் பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் படித்துக் காட்டவும் இயலாது. அறிவிப்பை எழுத்தாகவே இட வேண்டும் என்பது தேவைப் பட்டியலில் தலையாய இடம் பெறத்தக்கது.

படிவம் என்னும் தடைக்கல்

படிக்க வருவோரைவிட நிரப்ப வருவோர்க்கே இடர் மிகுதி. நம் மக்களுக்குப் பெயரும் தலைப்பெழுத்தும் உண்டு. குடும்பப்பெயர் பலர்க்கு இல்லை. குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்பினாலன்றி மேலே செல்ல விடாத படிவத்தின் முன் அவர்கள் திகைத்து நிற்கிறார்கள். சான்றிதழை 200 கிலோபைட்டுக்குள் ஏற்று என்கிறது படிவம். கைபேசி எடுத்த படமோ 3 மெகாபைட் இருக்கும். அதைச் சுருக்குவதற்காகவே பேருந்தேறி நகரத்துக் கணினி மையத்துக்குச் செல்லும் மாணவர் உண்டு. படத்தைத் தளமே சுருக்கிக்கொள்ளுமாறு அமைப்பது கடினமன்று. அதைத் தேவையென்று எவரேனும் எழுதி வைத்திருக்க வேண்டும், அவ்வளவே.

வலைத்தள அணுகல் குறித்த உலகளாவிய நெறிகள் இதில் நமக்குத் துணை செய்கின்றன. 320 புள்ளி அகலத் திரையிலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க இயல வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டுப் பதிப்பு கூறும். தொடும் இடம் பொதுவாக 24-க்கு 24 புள்ளியேனும் இருக்க வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டுப் பதிப்பின் விதி. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற அளவிலாவது வேண்டும். வெயிலில் நின்று படிப்போர்க்கு இதன் அருமை விளங்கும். பக்கத்தின் காலக்கெடு முடியுமுன் எச்சரித்து, அதனை நீட்டிக்கக் குறைந்தது 20 நொடிகள் தர வேண்டும் என்பதும் அந்நெறிகளில் உண்டு. நிரப்பியவற்றை அவ்வப்போது சேமித்து வைப்பதையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் மைய அரசும் தன் வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகளை 2009-இல் வகுத்து, 2023-இல் அவற்றின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டுள்ளது.

குறுஞ்செய்தியில் தமிழ்

ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழிலோ 70 குறிகளே. மேலும், புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியே எண்ணப்படும். "வணக்கம்" என்பது நம் கண்ணுக்கு 5 எழுத்து. கணிப்பொறிக்கு 7 குறி. ஆதலால் ஆங்கிலச் செய்தியை எழுதிவிட்டுப் பின்னர் மொழிபெயர்த்தால் அது இரண்டு மூன்று துண்டாகிச் செலவும் பெருகும். தமிழ்ச் செய்தியை முதலிலேயே சுருக்கமாக எழுதுதல் வேண்டும்.

சோதனை

கட்டியவரின் புதிய கைபேசியில் எல்லாம் நன்றாகவே இயங்கும். விலை குறைந்த பழைய கைபேசியில், அலைவரிசை குன்றிய ஊரில், முதன்முறையாகப் படிவத்தைக் காணும் ஒருவர், பிறர் துணையின்றி நிரப்பி முடிக்கிறாரா என்று பார்ப்பதே மெய்யான சோதனை. கடைசித் தேதியன்று ஒரே வேளையில் எத்தனை பேர் நுழைவர் என்பதையும் சென்ற ஆண்டுகளின் விண்ணப்பத் தொகையைக் கொண்டு கணித்து, அவ்வளவு பளுவைத் தளம் தாங்குகிறதா என முன்கூட்டியே சோதித்தல் வேண்டும்.

முடிவுரை

இத்தேவைகளை எழுதப் பெருஞ்செலவு ஆகாது. சில நாள் உழைப்பும் பலரைக் கேட்கும் பொறுமையும் போதும். இவற்றை எழுதாமல் விட்டால் நேரும் இழப்பு, தளம் கட்டியவர்க்கன்று. கடைசி நாளில் படம் ஏறாமல் நின்றுபோன ஒரு மாணவிக்கே. அவள் தன் குடும்பத்தில் கல்லூரியை எட்டும் முதற்பெண்ணாக இருக்கலாம். அரசுக் கல்லூரியின் வாயில் எளியோர்க்கென்றே திறக்கப்பட்டது. அவ்வாயில் கைபேசித் திரையளவு சுருங்கியுள்ள இந்நாளில், அது எளியோரின் கைபேசியிலும் திறக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவராகிய நமக்கும் உண்டு.