இரு கணிப்பொறிகளுக்கு இடையே ஒரு துபாஷி

அரசாங்க அலுவலகங்களில் இரண்டு வகைக் கணிப்பொறிகள் அருகருகே இருப்பதை இன்று காண்கிறோம். ஒன்று, நெடுநாள் பழகிய விண்டோஸ் அமைப்பில் இயங்குவது. மற்றொன்று, எவரும் விலையின்றிப் பெற்று, உள்ளமைப்பைப் பார்த்துத் திருத்திக்கொள்ளவும் கூடிய லினக்ஸ் அமைப்பில் இயங்குவது. சீ-டாக் நிறுவனம் இந்திய மொழிகளைக் கருத்திற்கொண்டு 'பாஸ்' என்னும் லினக்ஸை 2007-இல் வெளியிட்டது. திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015-இல் அறிவித்தது.

ஆயினும் பழைய கோப்புகள் யாவும் பெரும்பாலும் விண்டோஸ் சர்வரில், பலரும் பங்கிட்டுக்கொள்ளும் பகிர்வுக் கோப்புறைகளிலேயே இருக்கின்றன. லினக்ஸ் கணிப்பொறியின் முன் புதிதாக அமர்பவர், நேற்றுவரை தாம் திறந்த கோப்பை இன்று எவ்வாறு அடைவது என்று திகைக்கிறார். பிறகு பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவருகிறார். அதனால் ஒரே கோப்புக்கு மூன்று பிரதிகள் உண்டாகின்றன. அவற்றுள் எது கடைசித் திருத்தம் பெற்றது என்பதை எவரும் அறியார். திருத்தம் பெறாத பிரதி அச்சுக்குச் சென்றுவிடின், பிழையான விதியே பொதுமக்கள் கையை அடையும். மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு இதைவிட அஞ்சத்தக்கது வேறில்லை. ஆனால் இத்தொல்லை அவசியமே அன்று. இரு கணிப்பொறிகளும் ஒன்றோடொன்று நேரே பேசுவதற்கு வழி உண்டு. அவ்வழி யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விண்டோஸ் கணிப்பொறிகள் கோப்புகளைப் பங்கிட்டுக்கொள்ளப் பேசும் மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பாரி ஃபைகன்பாம் என்பவர் 1980-களின் முற்பகுதியில் இதனை வகுத்தார். பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதனை ஏற்று விரிவாக்கிற்று. 1996-இல் இதற்குச் சிஃப்ஸ் என்னும் மறுபெயரும் சூட்டிற்று. 'இன்ன கோப்பைத் திற', 'இவ்வளவு எழுத்துகளைக் கொடு', 'நான் திருத்தும்வரை பிறர் தொடாதவாறு பூட்டு' என்பன போன்ற வேண்டுகோள்களும், அவற்றுக்குரிய விடைகளுமே இம்மொழியாகும்.

லினக்ஸ் இம்மொழியைக் கற்ற வரலாறு சுவையானது. ஆஸ்திரேலியாவில் கான்பெர்ரா நகரத்து தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், டாஸ் கணிப்பொறியையும் யூனிக்ஸ் கணிப்பொறியையும் இணைக்க விரும்பினார். கம்பியின் வழியே செல்லும் செய்திகளைக் கவனித்துக் கவனித்தே அவர் அம்மொழியை அறிந்தார். பிரெஞ்சு அறியாத ஒருவர், பிரெஞ்சுச் சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்து, உண்பவர் எதைக் கேட்கிறார், பரிமாறுபவர் எதைக் கொண்டுவருகிறார் என்று நோக்கியே மொழியைக் கற்பதற்குத் தம் முறையை அவர் பின்னாளில் ஒப்பிட்டதுண்டு. 1992-இன் தொடக்கத்தில் தம் நிரலை அவர் யாவருக்கும் வழங்கினார். முன்னர் இட்ட பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்தமையால், எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் அவ்வரிசையில் அமைந்த சொல்லொன்றை அகராதியில் தேடினார். 'சாம்பா' என்னும் பெயர் கிடைத்தது. இது பிரேசில் நாட்டு நடனமொன்றின் பெயரும் ஆகும்.

மொழியின் இலக்கணத்தை வெளியிட உரியவர்கள் நெடுங்காலம் இசையவில்லை. ஐரோப்பிய ஆணையம் 2004-இல் மைக்ரோசாஃப்டுக்கு எதிராகத் தீர்மானித்து, பிற சர்வர்களுடன் இணங்கி இயங்கத் தேவையான விவரங்களை அளிக்குமாறு பணித்தது. 2007 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. அவ்வாண்டு டிசம்பரில் சாம்பா அன்பர்களின் சார்பில் 10,000 யூரோ செலுத்தப்பெற்று, அவ்விவரங்கள் கைக்கு வந்தன. ஒரு நாட்டின் ஆவணங்கள் எந்தக் கணிப்பொறியிலிருந்தும் படிக்கத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்பவர்களுக்கு இது சிறு வெற்றி அன்று.

இனிச் செய்முறைக்கு வருவோம். எளிய வழி, லினக்ஸின் கோப்பு மேலாளர்த் திரையில் உள்ள முகவரிக் கட்டத்தைப் பயன்படுத்துவதாகும். அதில் ஆங்கில எழுத்துகளில் எஸ்.எம்.பி. என்பதைப் புள்ளியின்றி எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இரண்டு முன்சாய்கோடுகள் இட்டு, சர்வரின் பெயரையும், மேலும் ஒரு சாய்கோட்டையும், பகிர்வுக் கோப்புறையின் பெயரையும் எழுதுதல் வேண்டும். விண்டோஸில் பின்சாய்கோடு எழுதிய பழக்கம் இங்கே உதவாது. பயனர் பெயர், அலுவலகக் குழுவின் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை லினக்ஸ் கேட்கும். விண்டோஸில் பயன்படுத்தியவற்றையே கொடுத்தல் போதும். கோப்புறை கண்முன் திறக்கும்.

நாள்தோறும் பயன்படுத்துவோர்க்கு இரண்டாவது வழி ஏற்றது. சிஃப்ஸ்-யூடில்ஸ் என்னும் தொகுப்பை நிறுவிய பின், வெற்றுக் கோப்புறை ஒன்றை உண்டாக்கி, 'மவுண்ட்' கட்டளையால் சர்வரின் கோப்புறையை அதன்மேல் பொருத்தலாம். அதன்பின் அது நம் வட்டிலேயே உள்ளது போல எல்லா நிரல்களுக்கும் தோன்றும். இங்கே கருத வேண்டியவை இரண்டு. முதலாவது, கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதலாகாது. தனிக் கோப்பில் எழுதி, உரியவர் தவிர எவரும் படிக்கவொண்ணாதபடி அதன் உரிமையை 600 என்று அமைத்தல் வேண்டும். இரண்டாவது, பொருத்துபவர் நிர்வாகியாதலின், கோப்புகள் யாவும் நிர்வாகிக்கே உரியனவாகத் தோன்றக்கூடும். நாம் படிக்க இயலும், எழுத இயலாது. பொருத்தும்போதே நம் பயனர் எண்ணையும் குறிப்பிட்டால் இக்குறை நீங்கும்.

எழுதும் உரிமை இன்னமும் கிடைக்கவில்லையெனில், குறை லினக்ஸில் இல்லாமலும் இருக்கலாம். விண்டோஸ் சர்வரில் பூட்டுகள் இரண்டு உண்டு. ஒன்று பகிர்வின் வாயிலில் உள்ளது. மற்றொன்று ஒவ்வொரு கோப்பின்மேலும் உள்ளது. இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். துபாஷி ஒருவர் நம் வேண்டுகோளை எடுத்துச் சொல்வாரேயன்றி, இல்லாத உரிமையை வாங்கித் தருவாரல்லர். ஆதலின் சர்வர் நிர்வாகியிடம் கேட்பதே முறை.

பிழைச் செய்திகளில் ஒன்று பலரை ஏமாற்றுவது. 112 என்னும் எண்ணுடன், சர்வர் இயங்கவில்லை என்று லினக்ஸ் கூறும். அடுத்த மேசையில் இருப்பவரோ அதே சர்வரில் வேலை செய்துகொண்டிருப்பார். பெரும்பாலும் இதன் பொருள், இருவரும் பேசும் எஸ்.எம்.பி. பதிப்புகள் பொருந்தவில்லை என்பதாகும். மிகப் பழைய சர்வர் முதற் பதிப்பு ஒன்றையே அறியும். லினக்ஸோ 2017 முதல் அப்பதிப்பைத் தானாக நாடுவதில்லை. இதற்குத் தக்க காரணம் உண்டு. 2017 மே மாதத்தில் வானாகிரை என்னும் நச்சு நிரல், விண்டோஸில் முதற் பதிப்பைக் கையாளும் பகுதியில் இருந்த ஓட்டையின் வழியே பல நாடுகளில் பரவிற்று. கோப்புகளை மறைமொழியாக்கி, மீட்பதற்குப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளின் பணிகளும் தடைப்பட்டன. எனவே, பழைய பதிப்பை அனுமதிக்குமாறு லினக்ஸுக்குக் கட்டளையிடுதல் எளிதேயாயினும், சர்வரைப் புதுப்பித்தலே நன்று. 2012-இல் வந்த மூன்றாம் பதிப்பு, செல்லும் செய்தியை மறைமொழியாக்கவும் வல்லது.

தமிழில் எழுதுவோர்க்கும் சில சொல்ல வேண்டும். கோப்புகளின் பெயரைத் தமிழில் இடலாம். யூனிகோடு எழுத்துகளைப் புதிய பதிப்புகள் பிழையின்றிக் கடத்துகின்றன. பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். லினக்ஸ் ஏற்கும் இக்குறிகளை விண்டோஸ் ஏற்பதில்லை. ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை லினக்ஸ் கருதும். விண்டோஸ் வழக்கமாகக் கருதாது. அவ்வேறுபாடு ஒன்றே கொண்ட இரு கோப்புகளைச் சர்வருக்கு அனுப்பினால், ஒன்று மற்றொன்றின்மேல் எழுதப்பெற்று அழியக்கூடும். கோப்பு திறந்தும் உள்ளே எழுத்துகள் குழம்பித் தோன்றின், பழியை இணைப்பின்மேல் போடலாகாது. யூனிகோடு வருமுன் வழங்கிய தனி எழுத்துருவில் அது தட்டச்சாகியிருக்கலாம். அவ்வாறாயின் அதனை யூனிகோடுக்கு மாற்றுதலே வழி.

எல்லோருக்கும் எல்லாம் திறந்துவிட்டால் தொல்லை தீரும் என்று சிலர் எண்ணுவர். கடவுச்சொல் இன்றி எவரும் எழுதக்கூடிய கோப்புறை, எந்த நச்சு நிரலுக்கும் திறந்த வாயிலேயாகும். எஸ்.எம்.பி. பயன்படுத்தும் 445-ஆம் எண் வாயிலை அலுவலகத்திற்கு வெளியே உள்ள இணையத்துக்கு ஒருபோதும் திறக்கலாகாது. அவரவர்க்கு அவரவர் பெயர், அவரவர் கடவுச்சொல், தேவையான அளவு உரிமை என்பதே நல்ல ஏற்பாடு. இவ்வளவும் ஒருமுறை செய்துவிட்டால், பென் டிரைவ் மேசை அறைக்குள் கிடக்கலாம். கோப்பு ஓரிடத்தில், ஒரே பிரதியாக இருக்கும். அதைத் திருத்துபவர் விண்டோஸில் இருந்தாலும் லினக்ஸில் இருந்தாலும், அச்சுக்குப் போவது கடைசியாகத் திருத்திய பிரதியாகவே இருக்கும்.